சொலோமே எரிக்காத காகிதம்

என் அண்ணி சொலோமேயைப் பற்றி கம்பாலாவின் நத்தேத்தே சந்தையில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். பாதி பொய். மீதிப் பாதியை நான்தான் சொல்ல வேண்டும், அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. பெருமைப்படுகிற பங்கு இல்லை.

என் பெயர் எசெரி. தோள் கூர்ந்து நிற்கிற கோமெசி உடைகளைத் தைத்து விற்கிறேன். ஆனால் கம்பாலா முழுக்க என்னை அத்தை என்றுதான் தெரியும். எங்கள் ஜனங்களில் ஒரு பெண்பிள்ளைக்கு உடம்பு விஷயம் சொல்லித்தர வேண்டியவள் பெற்றவள் இல்லை, அப்பாவுடன் பிறந்தவள். பெற்றவள் அதைப் பேசினால் தூ என்பார்கள். நகரத்துக்கு வந்த பிறகு பாதிக் குடும்பங்களுக்கு அத்தை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அதனால் வாடகைக்கு அத்தை வைத்துக்கொள்கிறார்கள். அந்த வாடகை அத்தைகளில் பேர் போனவள் நான். பெண் வீட்டில் நடக்கிற அறிமுகச் சடங்கில் வந்திருக்கும் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே மாப்பிள்ளையை அடையாளம் கண்டு பூ குத்துவேன், கூட்டத்தைச் சிரிக்க வைப்பேன், அதற்கு முந்தின வாரம் கல்யாணப் பெண்ணை உட்கார வைத்து, எப்படி மண்டியிட வேண்டும், எப்படிக் குரலைத் தணிக்க வேண்டும், புருஷன் மனம் கோணாமல் எப்படி நடக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தருவேன். பிள்ளை எப்படி உண்டாகிறது, உண்டாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, நோய் எப்படித் தொற்றுகிறது, இதெல்லாம் என் பாடத்தில் கிடையாது. என் அத்தை எனக்குச் சொல்லவில்லை, நானும் யாருக்கும் சொல்லவில்லை.

அண்ணி அதைத்தான் சொன்னாள். அதுவும் ஊருக்கே சொன்னாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது பதினேழு வயதில், வயிற்றில் பிள்ளையோடு. பள்ளி திறக்கிற அன்று பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நர்ஸ் ஒவ்வொருத்தியின் அடிவயிற்றையும் அழுத்திப் பார்ப்பாள். சொலோமே வயிற்றில் அவள் கை நின்றுவிட்டது. அன்றைக்கே பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். காரணமான என் அண்ணன் லாமெக் அந்த வருஷம் ஒழுங்காகப் பரீட்சை எழுதித் தேறினான். அவன் வயிற்றை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை.

"முதல் தடவை ஒண்ணும் ஆகாதுன்னு உங்க அண்ணன் சொன்னாரு. நான் நம்பினேன். அவரும் பொய் சொல்லல எசெரி, அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்று ஒருமுறை சொன்னாள். அந்தப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒன்றும் தங்கவில்லை. பிறகுதான் டாஃபின் பிறந்தாள். ஒரே பெண்.

அண்ணன் லாரி ஓட்டப் போனான். சூடான் எல்லைக்குப் போனால் திரும்பி வர மூன்று வாரம். அண்ணி மேட்டுத் தெரு கிளினிக்கில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கூட்டுகிறவள் கண்ணில் எல்லாம் படும். பள்ளிச் சீருடைக்கு மேல் அம்மாவின் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் நின்று, பேர் கேட்டதும் ஓடிப்போகிற பெண்கள். எரிச்சல் என்று வந்து, என்ன எரிச்சல் என்று சொல்ல முடியாமல் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போகிற பையன்கள். ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஓடப்போன ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, "உள்ள வா, நர்ஸ் சிடுசிடுன்னு இருப்பா, நான் கூட இருக்கேன்" என்று கூட்டிப்போனாளாம். அப்படித்தான் ஆரம்பித்தது. வெளிநாட்டுப் பணத்தில் ஒரு திட்டம் வந்தபோது கிளினிக்காரர்கள் இவள் பெயரைக் கொடுத்தார்கள். ஆறு வாரம் பயிற்சி, ஒரு பனியன், கழுத்தில் தொங்க ஓர் அட்டை. பள்ளிப் பள்ளியாகப் போய் பிள்ளைகளிடம் பேச வேண்டும்.

திட்டத்தில் கொடுத்த படங்களை அவள் ஒரே வாரத்தில் பரணில் போட்டுவிட்டாள். "படத்துல இருக்கற பொண்ணுக்கு மூஞ்சியே இல்ல. பிள்ளைங்க எதைப் பாத்துக் கேக்கும்?" என்றாள். கட்வே பட்டறையில் தகரத்தைக் கரியடுப்பாகத் தட்டுகிற ஒருவனிடம் பெரிய எண்ணெய் டின் ஒன்றைக் கொடுத்து மூடியில் ஒரு பிளவு வெட்டி வாங்கினாள். கிளினிக் பின்கதவுக்கு அடித்து மிஞ்சிய நீல வண்ணத்தை அதற்கு அடித்தாள். அந்தப் பின்கதவு சனிக்கிழமைகளில் சின்ன வயசுக்காரர்களுக்கு மட்டும் திறக்கும், பெயர் கேட்கமாட்டார்கள். நீலக் கதவும் நீல டின்னும் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

முறை இதுதான். எல்லாருக்கும் ஒரே அளவுக் காகிதம். கேள்வி இல்லாதவனும் எதையாவது கிறுக்கிப் போட வேண்டும், யார் கேட்டார்கள் என்று தெரியக்கூடாது. டின்னைக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, சத்தமாகப் படித்துப் பதில் சொல்வாள். கெட்ட வார்த்தை எழுதியிருந்தாலும் படிப்பாள். ஒன்றைக்கூடத் தாண்டிப் போனதில்லை. எல்லாம் முடிந்ததும் மைதானத்துக்கு டின்னைத் தூக்கிப்போய், எல்லாக் காகிதத்தையும் அதற்குள்ளேயே போட்டுத் தீ வைப்பாள். கையெழுத்தை வைத்து யாரும் யாரையும் பிடித்துவிடக் கூடாது அல்லவா. பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டும்.

நான் ஒருமுறை வேவு பார்க்கப் போனேன். ஆமாம், வேவுதான். பெற்றவர்களில் ஒருத்தி மாதிரி கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

"ரெண்டு உறை சேத்துப் போட்டா ரெண்டு மடங்கு பாதுகாப்பா?" என்று ஒரு காகிதத்தைப் படித்தாள். பையன்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு.

"ரெண்டு செருப்பை ஒரே கால்ல மாட்டிக்கிட்டு நடப்பியாடா? ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழிஞ்சு போகும். ஒண்ணு போதும், தேதி பாத்துப் போடு. அதைவிட நல்லது இன்னும் நாலு வருஷம் பொறுத்துக்கறது. அடுத்தது."

"எழுந்து குதிச்சா கர்ப்பம் ஆகாதா?"

"அப்படின்னா கயிறு தாண்டற பொண்ணுங்க யாருக்கும் பிள்ளையே பொறக்காது. குதிச்சா மூச்சு வாங்கும், அவ்வளவுதான். சொன்னவன் யாரோ, அவன்கிட்டப் போய் உனக்கு யாருடா சொன்னதுன்னு கேளு."

பிறகு ஒரு காகிதத்தை எடுத்தவள் சிரிக்காமல் படித்தாள். "ரெண்டு மாசமா வரல. என்ன செய்யறது?" "இதை எழுதின பிள்ளை யாரா இருந்தாலும் நல்லாக் கேட்டுக்கோ. நீ கெட்டவ இல்ல. யாரு என்ன குடுத்தாலும் குடிக்காத, எந்த வீட்டுக்குள்ளயும் போய்ப் படுக்காத. சனிக்கிழமை நீலக் கதவுக்கு வா. நான் வாசல்லயே உக்காந்திருப்பேன். பேர் கேக்க மாட்டேன். வா." அந்த 'வா'வை அவள் சொன்ன விதத்தில் எனக்கே எழுந்து அவளிடம் போய்விடலாம் போலிருந்தது. அதை ஒத்துக்கொள்ள மனம் வராமல், வெளியே வந்ததும் சண்டை பிடித்தேன்.

"அண்ணி, உங்களுக்கு வெக்கமே இல்லையா? நீங்க யாரு வீட்டு அத்தை? யாரு உங்களைக் கூப்பிட்டா?"

"அத்தைங்க எல்லாம் அவங்க வேலையைச் செஞ்சிருந்தா நான் இன்னும் கிளினிக்குல கூட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன் எசெரி."

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. மறக்காதது மட்டுமில்லை, பத்திரமாக வைத்துக்கொண்டேன். சந்தையில் நாலு பேர் அண்ணியைப் புகழும்போதெல்லாம் அதை எடுத்துத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

டாஃபினுக்கு நான்தான் அத்தை. வாடகை அத்தை இல்லை, ரத்த அத்தை. பதிமூன்று வயதில் அவள் பெரியவளானபோது முறைப்படி என்னைக் கூப்பிட்டார்கள். துணி மடிப்பது, குளிப்பது, கையை வீசி நடக்காமல் இருப்பது எல்லாம் சொன்னேன். அண்ணி வாசலிலேயே பாய் போட்டுக் காத்திருந்தாள்.

"மத்தது சொன்னியா?"

"மத்தது கல்யாணத்துக்கு முந்தின வாரம்."

"அது வரைக்கும் அவளுக்கு யாரும் சொல்லித்தர மாட்டாங்கன்னு நெனைக்கறியா? பசங்க சொல்லித் தருவானுங்க, எசெரி."

"அப்ப நீங்களே சொல்லுங்களேன். ஊருக்கெல்லாம் வாய் கிழியுதே."

முந்நூறு பிள்ளைகளுக்கு முன் எதையும் பெயர் சொல்லிப் பேசுகிறவள், தன் பெண் என்றதும் பாயில் கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு அவளே ஒருநாள் சொன்னாள். டாஃபின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளாம், வாயைத் திறந்தாளாம், கரி இந்தத் தடவை ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாளாம். "அவ என்னைப் பாக்கறப்போ எங்கம்மா என்னைப் பாக்கற மாதிரி இருக்கு. நாக்கு எழ மாட்டேங்குது. நீ சொல்லிடு எசெரி, உன் கடமைதானே." அதற்குப் பிறகு இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் நான் ஆகட்டும் என்றேன்.

டாஃபின் நல்ல உயரம். அப்பனைப்போல் பல்லுக்கு நடுவே இடைவெளி. என்னைப் பார்த்தால் மண்டியிடுவதற்கு முன்பே சிரித்துவிடுவாள். "அத்தை, எனக்குக் கோமெசி எப்போ தைப்பீங்க?" "மாப்பிள்ளை வரட்டும்டி." "அதுக்குள்ள நீங்க கடையையே மூடிட்டுப் போயிடுவீங்க போலிருக்கு." இப்படி வாயாடுவாள். பள்ளியில் அவளை டின்காரி மகள் என்று கிண்டல் செய்வார்கள், அதற்கும் சிரிப்பாள். அவளுக்குப் பதினேழு வயதானபோது அவள் பள்ளியிலேயே சொலோமேயைக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை அதற்கு ஒழுக்கப் பாடம் என்று பெயர் வைத்து அட்டவணையில் போட்டிருந்தாள். மாதம் ஒரு வியாழக்கிழமை.

மூன்றாம் மாதத்து வியாழக்கிழமையைப் பற்றி டாஃபினின் சிநேகிதி ஷமீம் பிற்பாடு என்னிடம் சொன்னாள். இருவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டின் வந்தபோது எல்லாரும் பென்சிலில் எழுதினார்கள், டாஃபின் மட்டும் பச்சைப் பேனாவால் எழுதினாளாம். அந்தப் பேனாவை அவள் பிறந்தநாளுக்கு அண்ணிதான் வாங்கித் தந்திருந்தாள். கையெழுத்தை மாற்றிக்கூட எழுதவில்லை. ஷமீம் எட்டிப் பார்க்கப் போக, கையால் மறைத்துக்கொண்டாளாம்.

"பாதிக்கு மேல படிச்சிட்டாங்க அத்தை. எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தோம். ஒரு காகிதத்தை எடுத்தாங்க, படிச்சாங்க, சத்தமாப் படிக்கல. மடிச்சுக் கைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. அடுத்ததை எடுத்துட்டாங்க. யாரும் கவனிக்கல. டாஃபின் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கடைசில எல்லாம் முடிஞ்சு டின்னைத் தூக்கப் போனாங்க. அப்ப டாஃபின் எழுந்து நின்னு, 'டின்னுல இன்னும் ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டா. எல்லாரும் ஓன்னு சிரிச்சாங்க."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"'இல்லம்மா, முடிஞ்சிடுச்சு'ன்னு சொன்னாங்க."

மைதானத்தில் தீ வைத்தபோது டாஃபினும் நின்று பார்த்தாளாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி என் கடைக்கு வந்தாள். என் முன்னால் மண்டியிட்டாள். அண்ணன் மனைவி நாத்தனாருக்கு மண்டியிடுவது எங்கள் வழக்கம்தான், ஆனால் சந்தைச் சேற்றில் யாரும் முழங்காலை அழுத்துவதில்லை, பாதி வளைந்துவிட்டு எழுந்துகொள்வார்கள். இவள் முழுசாக மண்டியிட்டு, எழுந்திருக்கவும் இல்லை. நான்காக மடித்த காகிதத்தை என் கையில் வைத்தாள்.

அதில் பச்சை எழுத்தில் இரண்டு வரி. 'எனக்கு இரண்டு மாதம் வரவில்லை. அவன் போனை எடுப்பதில்லை. நான் இப்போது யாரிடம் போக வேண்டும்?'

"யாரு எழுதினது?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"உன் மருமக."

இங்கேதான் என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பகீரென்றது உண்மை. ஆனால் அதற்கு முன்னால், ஒரு கணம், எனக்கு இனித்தது. ஊருக்கே அத்தையானவள் கடைசியில் என் வாசலுக்கு வந்துவிட்டாள் அல்லவா. அந்த இனிப்பை நான் சப்பிக்கொண்டே பேசினேன்.

"என்ன அண்ணி, டின்னுல பதில் இல்லையா?"

"எசெரி, இப்ப வேணாம். நீ இன்னைக்குச் சாயங்காலம் வா. அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசு. நாளைக்குக் காலைல கிளினிக்குக் கூட்டிட்டு வந்துடு. நான் நர்ஸ்கிட்ட எல்லாம் சொல்லி வெக்கறேன். நான் பேசினா அவ நொறுங்கிடுவா. பெத்தவ பேசக்கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முறையெல்லாம் இப்ப ஞாபகம் வருதா?"

அவள் தலையை இன்னும் தாழ்த்தினாள்.

"இன்னைக்கு எப்படி வர முடியும்? நாளைக்கு எண்டெபே ரோட்டுல பெரிய இடத்து அறிமுகச் சடங்கு. பொண்ணுக்கு நான்தான் அத்தை. உடை இன்னும் ரெண்டு பாக்கி. ஞாயித்துக்கிழமை கோயில். திங்கக்கிழமை வரேன்."

"இன்னைக்கே வாயேன் எசெரி. ஒரு அரை மணி நேரம்."

"ரெண்டு மாசம் பொறுத்தது மூணு நாள் பொறுக்காதா?"

இது நான் சொன்னது. என் வாயால் சொன்னது.

சனிக்கிழமை நான் இளஞ்சிவப்பு கோமெசி கட்டிக்கொண்டு பந்தலில் நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு அத்தையாக இருந்தேன். அவளை என் கையால் வளர்த்தேன் என்றேன், அவளுக்குத் தெரியாததை எல்லாம் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். கூட்டம் கை தட்டியது. அதே நேரம் அண்ணி நீலக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டுக் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். டாஃபின் வரவில்லை. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் டின்னிலிருந்து அந்த 'வா' கேட்டிருக்கும், வந்திருப்பாள். தன் அம்மா உட்கார்ந்திருக்கிற கதவுக்குள், அம்மா கூப்பிடாமல் ஒரு மகள் எப்படிப் போவாள்?

அந்த மூன்று நாளும் இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். அண்ணி அவளுக்குப் பிடித்த நிலக்கடலைக் குழம்பில் புகைமீன் போட்டுச் சமைத்தாளாம். அவித்து மசித்த வாழைக்காய் மட்டோகேயின் நடுப்பகுதியை அவள் தட்டில் வைத்தாளாம். அவள் சாப்பிடுவதைப் பார்த்தாளாம். திங்கட்கிழமை எசெரி வந்துவிடுவாள், எசெரி வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாளாம். டாஃபின் இரண்டு கவளம் தின்றுவிட்டு, "போதும்மா" என்று கை கழுவினாளாம். அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தும் பேசவில்லை, அப்படியென்றால் இனி நான் அவளுக்கு மகளில்லை என்று டாஃபின் நினைத்திருப்பாள். பதினேழு வயது அதை அப்படித்தான் புரிந்துகொள்ளும். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரயில் பாதை ஓரம் மருந்து கொடுக்கிற ஒரு பொம்பளையிடம் அவள் தனியாகப் போனாள். பாட்டு வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நான் ஒரு பப்பாளிப் பழமும் புதுத் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். கதவு பூட்டியிருந்தது. விடியற்காலையில் சொலோமே பெண்ணை முதுகில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பாயெல்லாம் ரத்தம் என்றாள். நான் வாடகை மோட்டார் சைக்கிள் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது உள்ளே விடவில்லை. வராந்தாவில் அண்ணி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் முழங்கால் மடிந்தது அவளுக்கு. நான் அவளைப் பிடித்துத் தூக்கினேன். செவ்வாய்க்கிழமை காலையில் டாஃபின் போய்விட்டாள்.

மசாகா பக்கத்தில் எங்கள் குலத்து நிலத்தில் புதைத்தோம். உடம்பைக் கழுவியது நான். அத்தை அல்லவா. மரப்பட்டைத் துணியில் சுற்றுவதற்கு முன் அந்த இடைவெளி விழுந்த பல் கொஞ்சம் தெரிந்தது. என் அண்ணன் லாரியை எல்லையில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். குழி மூடியதும் எல்லார் முன்னாலும் பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான்.

"ஊரு பிள்ளைங்களுக்கு எல்லாம் சொன்னியே, என் பிள்ளைக்கு யாரு சொன்னது?"

அவன் கேட்க வேண்டியது என்னை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணி என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மண் ஒட்டிய கையைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று ராத்திரி துக்கத்துக்கு வந்தவர்கள் தூங்கிய பிறகு கைப்பையில் கிடந்த காகிதத்தை எடுத்தேன். கடையில் நான் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். பின்பக்கத்திலும் எழுதியிருந்தாள், ஒரே ஒரு வரி. 'பதில் சொல்லும்போது என் பக்கம் பார்க்க வேண்டாம், நான் கேட்டுக்கொள்கிறேன்.'

அவள் அத்தையைத் தேடவில்லை. ரயில் பாதைப் பொம்பளையையும் அவள் முதலில் தேடவில்லை. பச்சைப் பேனாவால், மாற்றாத கையெழுத்தில், பெற்றவளிடமே நேராகக் கேட்டிருக்கிறாள். ஊர் வழக்கம் அடைத்த வழிக்குப் பக்கத்தில் தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அம்மா முந்நூறு பேருக்குச் சொல்கிற மாதிரி சொன்னால் போதும், அதில் ஒருத்தியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்று. அதை நான் அண்ணியிடம் காட்டவில்லை. அவள் பின்பக்கத்தைப் பார்த்திருக்கமாட்டாள் என்று நினைத்தேன். அந்த ஒரு இரக்கமாவது செய்யலாம் என்று இருந்தேன்.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். "சொந்தப் பொண்ணைக் காப்பாத்தத் தெரியாதவ நம்ம பொண்ணுங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தரப் போறா?" என்று ஒருவன் கேட்டான். "சொல்லிச் சொல்லித்தான் பிள்ளை கெட்டுப்போச்சு" என்றாள் ஒருத்தி. அவள் மகளை அண்ணி இரண்டு வருஷம் முன்னால் நீலக் கதவுக்குள் கூட்டிப்போனது அவளுக்குத் தெரியாது. அண்ணிக்குத் தெரியும், அவள் வாய் திறக்கவில்லை. திட்டக்காரர்கள் பனியனையும் அட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மிகவும் வருந்துகிறோம் என்று தட்டச்சு செய்து கொடுத்தார்கள். வியாழக்கிழமைக்கு ஒரு போதகர் வந்தார், வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பருவம் பள்ளி திறந்த அன்று வயிற்றை அழுத்திப் பார்த்ததில் நாலு பெண்களை வெளியே அனுப்பினார்கள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. முன்னைவிட அதிகம் கூப்பிடுகிறார்கள்.

அண்ணி இப்போது பள்ளி வாசலுக்கு எதிரே மரவள்ளிக்கிழங்கு பொரித்து விற்கிறாள். நீல டின்னில் கரி வைத்திருக்கிறாள், மூடியைக் கழற்றி எறிந்துவிட்டாள். மத்தியான மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவரும். சில பெண்கள் கிழங்கை வாங்கிவிட்டும் போகாமல் நிற்பார்கள். கூட்டம் கலைந்ததும் குனிந்து மெதுவாக எதையோ கேட்பார்கள். அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒரே பதிலைச் சொல்வாள்.

"உங்க அத்தையைப் போய்க் கேளு."

போன மாதம் நான் அங்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "எனக்கு அத்தை இல்லையே" என்றாள் ஒருத்தி. அண்ணி கிழங்கைத் திருப்பிப் போட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை, என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் கிழங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தெருமுனை திரும்பிய பிறகு அண்ணி கேட்டாள். "அந்தக் காகிதம் உன்கிட்டதானே இருக்கு?"

"எரிச்சிட்டேன் அண்ணி." பொய். என் தையல் பெட்டியில் இருக்கிறது.

"நல்லது. எரிக்கறதுதான் முறை." கரண்டியை எண்ணெய் வடியப் பிடித்துக்கொண்டாள். "பின்னால எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம்."

"மேடையிலயே படிச்சீங்களா?"

"ரெண்டு பக்கமும் படிச்சேன். பச்சை எழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பதிலும் வாய்க்குள்ள இருந்துச்சு எசெரி. நூறு தடவை சொன்ன பதில்தானே. என் பக்கம் பாக்காதன்னு கேட்டிருந்தா. அது ஒண்ணைத்தான் கேட்டா."

கரண்டியிலிருந்த கிழங்கைக் காகிதத்தில் கொட்டினாள்.

"நான் நிமிந்து அவளைப் பாத்துட்டேன்."